பழைய எக்கோ சவுண்டருக்கும் புதிய பிளாட்டருக்கும் நடுவே: வாசகர் கேள்விகள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறியதும் வயரிங் வேலை தொடங்கிவிடும். எனக்குக் கேள்விகளும் வரத் தொடங்கும்.

கடலாழம் அளக்கும் எக்கோ சவுண்டர் பதினைந்து வருடமாக நன்றாக ஓடுகிறது. கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் புதிய பிளாட்டரில், படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் என்.எம்.இ.ஏ. 2000 இணைப்பு மட்டுமே உள்ளது. சவுண்டரையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம். கடைக்காரருக்கு விற்பனைதானே தொழில்! ஆனால் இரண்டு வயர்களையும் முறுக்கிச் சேர்த்தாலும் ஒன்றும் நடக்காது. உங்கள் சவுண்டர் பழைய என்.எம்.இ.ஏ. 0183 முறையில், நொடிக்கு 4800 பிட் வேகத்தில், எழுத்துகளை வரிவரியாக அனுப்புகிறது. பிளாட்டர் இருப்பதோ கார்களில் ஓடும் அதே கேன் வகைப் பாதையில். வேகம் நொடிக்கு 2,50,000 பிட். நடுவே கேட்வே என்ற மாற்றுப்பெட்டி வேண்டும்.

அதற்குப் பணம் கட்டும் முன், சவுண்டரின் டேட்டா வயரை 0183க்கு ஏற்ற யு.எஸ்.பி. கேபிள் வழியாக லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். டாலர் குறியும் எஸ்.டி.டி.பி.டி. என்ற ஐந்து எழுத்துகளுமாகத் தொடங்கும் வரிகள் ஓடினால் பாதி வேலை முடிந்தது. அந்த வரியில் ஒரே ஆழம் மூன்று அளவுகளில் இருக்கும்: அடி, மீட்டர், பாகம். ஆம், நம் கடலோடிகள் சொல்லும் அதே பாகம்தான். வரி எதுவும் வரவில்லையென்றால் சவுண்டரின் மெனுவில் டேட்டா வெளியீடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். புரியாத குறிகளாகக் கொட்டினால் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

இன்னொன்று. அந்த வரி சொல்வது படகின் அடியில் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசருக்குக் கீழே உள்ள ஆழம். சவுண்டர் திரையில் நீங்கள் வைத்திருந்த திருத்தம் அதில் இருக்காது. பிளாட்டரில் புதிதாக அமைக்காவிட்டால், ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய வி.எச்.எஃப். ரேடியோ செட்டுக்கு கேட்வேயிலிருந்து ஜி.பி.எஸ். இடத்தைக் கொடுக்க நினைக்கிறேன். கேட்வேயில் ஏ, பி என இரண்டு வெளியீட்டு வயர்கள். செட்டில் டேட்டா ஒன்று, கிரவுண்டு ஒன்று. (தூத்துக்குடி)

கட்டாயம் கொடுங்கள். சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்தும்போது படகு இருக்கும் இடமும் சேர்ந்து போனால்தான் அதற்கு முழுப் பயன்.

ஏ வயரை செட்டின் டேட்டாவில் இணையுங்கள். கேட்வேயின் கிரவுண்டையும் செட்டின் கிரவுண்டையும் சேருங்கள். பி வயரை எதிலும் இணைக்காமல் நுனியை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கிரவுண்டில் சேர்ப்பவர்கள் உண்டு. அதுவும் உயிருள்ள வெளியீடு; கிரவுண்டில் சேர்த்தால் ஷார்ட் ஆகும். எதிர்த்திசையில் கதை வேறு. பழைய கருவி பேசி கேட்வே கேட்கும்போது, டேட்டா ஏ உள்ளீட்டுக்கும் கிரவுண்டு பி உள்ளீட்டுக்கும் போகலாம்.

ஏ.ஐ.எஸ். (அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் கருவி), மின் திசைகாட்டி இரண்டையும் கேட்வேயின் ஒரே உள்ளீட்டில் சேர்க்கலாமா?

கூடாது. 0183 முறையில் ஒருவர் பேச, பலர் கேட்கலாம்; ஒரே வயரில் இருவர் பேச முடியாது. மேலும் ஏ.ஐ.எஸ். பேசுவது 38,400 வேகத்தில். பல கருவிகளின் பேச்சை ஒரே வயரில் வரிசைப்படுத்தி அனுப்பும் மல்டிபிளெக்ஸர் வாங்குங்கள், அல்லது இரண்டு உள்ளீடுகள் உள்ள கேட்வேயாகப் பாருங்கள்.

எல்லாம் இணைத்தாயிற்று. கருவிகள் திரையில் வருகின்றன, மறைகின்றன. படகில் 24 வோல்ட் பேட்டரி. (ராமேசுவரம்)

முதலில் வோல்ட்டைக் கவனியுங்கள். என்.எம்.இ.ஏ. 2000 நெட்வொர்க் 12 வோல்ட்டுக்கானது. 24 வோல்ட்டை நேராகக் கொடுத்திருந்தால் இப்போதே பிடுங்குங்கள். இறக்கித்தரும் கன்வெர்ட்டரை நடுவே போட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

அடுத்து மல்டிமீட்டர். மின்சாரத்தை அணைத்துவிட்டு, முதன்மைக் கேபிளிலிருந்து கருவிக்குக் கிளை பிரியும் ஏதாவது ஒரு டி-இணைப்பில் வெள்ளை, நீல வயர்கள் வரும் இரண்டு பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற 120 ஓம் மின்தடை தலா ஒன்று இருக்க வேண்டும். எனவே மீட்டர் ஏறத்தாழ 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒன்று இல்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவதைச் செருகியிருக்கிறார்கள். ஒரு படகில் அரை நாள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் படுக்கைப் பலகைக்கு அடியில், கேபிளின் நடுவிலிருந்த ஒரு டி-யில் மூன்றாவது டெர்மினேட்டர் உட்கார்ந்திருந்தது. திறந்திருந்த வாயில் தண்ணீர் போகாமல் இருக்கட்டும் என்று ஒருவர் செருகியதாம். அதற்கென்று ரப்பர் மூடி இருக்கிறது ஐயா.

கருவிக்குப் போகும் கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதையும் சரிபாருங்கள்.

பழைய ஜி.பி.எஸ்.ஸை இணைத்தேன். இடம் சரி, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் இருக்கிறது.

சரியாகச் சொன்னால் 1024 வாரம், அதாவது 7168 நாள். ஜி.பி.எஸ். சிக்னலில் வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இடம் என்பதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. பழைய செட்டுகள் பலவற்றுக்கு அது தெரியாது. மீன் கிடைத்த இடங்களைக் குறித்துவைத்த அந்தச் செட்டை எறிய மனம் வராது என்று தெரியும், தனியாக ஓடட்டும். அதன் தேதியை நெட்வொர்க்கில் விட்டால் பிளாட்டரின் ஓதக் கணக்கே தவறிப்போகும். கேட்வேயில் அந்த வரிகளைத் தடுத்துவிட்டு, பிளாட்டரின் சொந்த ஜி.பி.எஸ்.ஸையே மூலமாகத் தேர்ந்தெடுங்கள்.

1990களின் ஆட்டோஹெல்ம் ஆட்டோபைலட். சிவப்பு, மஞ்சள் வயர்களும் ஒரு ஷீல்டும் (கவசக் கம்பி) உள்ளன. எது டேட்டா? (சிங்கப்பூர்)

மஞ்சள். ஆனால் அது 0183 அல்ல, சீடாக் என்னும் தனி முறை. வேகம் மட்டும் அதே 4800. சாதாரண கேட்வேயில் செருகாதீர்கள். சீடாக்குக்கென்றே விற்கும் கன்வெர்ட்டரை வாங்குங்கள். சிவப்பில் 12 வோல்ட் ஓடுகிறது. வெட்டும் முன் பிரேக்கரை அணைத்துவிடுங்கள்.