முனியம்மாவுக்குள் இருக்கும் நியா: பழைய பெயர்களுக்குச் செல்லப்பெயர், கேள்வி பதில்

பாட்டி, தாத்தா பெயரைப் பிள்ளைக்குப் பதிந்துவிட்டு, வீட்டில் எப்படிக் கூப்பிடுவது என்று தவிப்பவர்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் டவுன் தாமான் குடியிருப்புகளிலும் நிறையப் பேர். அவர்களுடைய கேள்விகளுக்குத் தமிழாசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், மகளுக்கு மாமியார் பேரையே வைத்தோம், முனியம்மா. 'முனி' என்று கூப்பிட்டால் மாமியாருக்கே பிடிக்கவில்லை, 'முனி அடிச்சிடும்' என்கிறார். வேறு எப்படிச் சுருக்குவது?

முதல் கேள்வியே நல்ல கேள்வி தங்கச்சி. வழியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

எல்லாரும் பெயரின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுகிறார்கள். முனியம்மா என்றால் முனி, கோவிந்தம்மா என்றால் கோவி. பழைய பெயர்களில் தலைப்பகுதிதான் சாமி பெயராகவோ ஊர் பெயராகவோ இருக்கும். பழமை வாசம் அதில்தான் தங்கியிருக்கிறது. அதனால் நடுவில் தேடுங்கள்.

முதலில் பெயரை வாயால் சொல்லி அசை அசையாகப் பிரியுங்கள்: மு, னி, யம், மா. அடுத்து 'அம்மா', 'ஆயி', 'சாமி', 'அப்பன்' போன்ற மரியாதை வாலைக் கழற்றி வையுங்கள். பிறகு முதல் அசையையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை நெடில் போட்டு முடியுங்கள். முனியம்மாவில் மிஞ்சுவது 'னிய'. அதை நீட்டினால் நியா. மலாய்க் குடும்பங்களிலும் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்தான் அது, பாலர் பள்ளியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாட்டி பெயரும் உள்ளே அப்படியே இருக்கிறது.

கிடைத்த பெயரை இரண்டு சோதனைகளில் போடுங்கள். ஒன்று, தூரத்துச் சோதனை. அடுப்படியில் நின்று, லயத்தின், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையின், கடைசி வீட்டில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கத்திப் பாருங்கள். நியா... வருகிறது, இழுக்க முடிகிறது. க், ட், ப், த் என்று முடியும் பெயரை இழுக்க முடியாது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை, நம் வாய் தானாக ஓர் உகரத்தை ஒட்டிவிடும். 'வித்' என்று நீங்கள் வைப்பீர்கள், ஒரு வாரத்தில் 'வித்து' ஆகிவிடும். 

இரண்டாவது, மலாய்ச் சோதனை. பிள்ளை நாள் முழுக்க மலாய் கேட்கும் இடத்தில் வளர்கிறது. பெயரை ஒரு மலாய்ச் சொல்லாகக் காதில் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் பெயர் வைக்காதீர்கள். இன்றைக்கு இதைப் பலமுறை சொல்லப்போகிறேன்.

என் பேரே அஞ்சலைதான் டீச்சர். 58 வயசு. சூம்பா கிளாஸில் எல்லாரும் 'அஞ்சு' என்கிறார்கள். மனசுக்கு ஒட்டவில்லை.

ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது அக்கா. 'அஞ்சு' என்றால் தமிழில் எண், அல்லது 'பயப்படு' என்று ஏவுவது. மலாய்க் காதுக்கோ நாயைக் குறிக்கும் 'அஞ்சிங்' பாதியில் நின்றதுபோல் கேட்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயரை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உங்கள் பெயரின் பொருள் அதற்கு நேர் எதிர். பழைய தமிழில் அஞ்சல், அஞ்சலை என்றால் 'அஞ்சாதே'. கை உயர்த்தி அபயம் கொடுக்கும் அம்மனின் சொல் அது. நடுவில் எடுத்தால் 'சலை' வரும். இலக்கணப்படி ஐகாரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது 'ஆய்' ஆகும், நங்கை நங்காய் ஆவதுபோல. அப்படிக் கூப்பிட்டால் 'சலாய்'. மலாயில் 'சாலாய்' என்றால் புகையில் வாட்டிய மீனோ இறைச்சியோ. வேண்டாம்.

நான் சொல்வது அஞ்சா. அஞ்சா நெஞ்சம் என்கிறோமே, அந்த அஞ்சா. பெயரின் பொருள் ஒரு நூல்கூட நகரவில்லை, நெடிலில் முடிகிறது, கூப்பிட வாகானது. மலாய்க்காரர் காதில் 'மஞ்சா'வோடு ஒலி சேரும், அதற்குச் செல்லம் கொஞ்சுவது என்று பொருள். அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: 'அஞ்சு இல்லை, அஞ்சா.'

ரோகிணி நட்சத்திரத்துக்கு எந்த எழுத்தில் செல்லப்பெயர் வைக்கலாம்?

கோயில் குருக்களிடம் கேளுங்கள். நான் ஒலியும் பொருளும் மட்டும் பார்க்கிறேன்.

காத்தாயி. எங்கள் ஆயா பேர். எல்பில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். பேத்திக்கு வைத்திருக்கிறோம், பாலர் பள்ளிக்கு ஒரு கூப்பிடு பேர் வேண்டும்.

காத்த ஆயி, அதாவது காப்பாற்றிய தாய். ஆயாக்கொட்டகையில் இருந்தவருக்கு எவ்வளவு பொருத்தம்!

இந்தப் பெயரில் பள்ளம் அதிகம், ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். 'காத்தா' என்று வெட்டினால் மலாயில் 'சொல்', 'சொன்னான்' என்று பொருள். அது நல்லதுதான். ஆனால் தவளைக்கு மலாயில் 'காத்தாக்'. கடைசிக் ககரத்தை அவர்கள் தொண்டையிலேயே விழுங்கிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஏழு வயதுப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். 'தாயி' என்று வாலை எடுத்தால் இன்னும் மோசம், பேச்சு மலாயில் மலத்துக்குச் சொல்லும் சொல்லின் ஒலி அது. 'காத்தி' நம் காதில் கத்தி.

மிஞ்சுவது காத்து. பேச்சுத் தமிழில் காற்று. கூப்பிடும்போது காத்தூ என்று நீளும். மலாயில் இடறும் சொல் எதுவும் இல்லை.

எண் கணிதப்படி 5 வர வேண்டும். லெட்சுமிக்கு என்ன சுருக்கம் சரி?

எண் கணிதம் நான் பார்ப்பதில்லை. லெட்சுமிக்கு ஊரெல்லாம் சுமி. அரிதாக வேண்டும் என்றால் லெச்சி. நம் நாட்டு அடையாள அட்டைகளில் இந்தப் பெயர் நடுவில் டி-சி-எச் போட்டுத்தான் பெரும்பாலும் இருக்கும், அந்த எழுத்துக் கூட்டலுக்கும் லெச்சி ஒத்துப்போகும். மலாய்க்காரர் கேட்டால் லைச்சிப் பழம் ஞாபகம் வரும், கெடுதல் இல்லை.

டீச்சர், மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று. முழுப்பெயர் குப்பம்மாள், வீட்டுக்காரர் பிடிவாதமாக அவர் அம்மா பேரை வைத்தார். பையன்கள் 'குப்பை' என்று கூப்பிடுகிறார்கள். ஏதாவது சொல்லுங்கள்.

முதலில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டும். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். 'இது யாருக்கும் வேண்டாதது' என்று எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காக. குப்பன், குப்பம்மாள், பிச்சை எல்லாம் அப்படி வந்தவை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பில் வைத்த பெயர்.

கூப்பிட குப்பு என்றே சொல்வேன். மலாயில் குப்பு-குப்பு என்றால் வண்ணத்துப்பூச்சி. 'குப்பை' என்று சொல்லும் பையனுக்கு அவளே பதில் சொல்லலாம்.

டீச்சர் மன்னிக்கணும். நான் கம்போங் (மலாய்க் கிராமம்) பக்கத்தில் வளர்ந்தவன், லோரி ஓட்டுகிறேன். 'குப்பு-குப்பு மாலாம்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. இடைநிலைப்பள்ளிப் பையன்களுக்கு அது தெரியும்.

அண்ணன் சொல்வது சரி. 'இரவு வண்ணத்துப்பூச்சி' என்பது உடல் விற்கும் பெண்களைக் குறிக்கும் வழக்கு. பாலர் பள்ளிப் பிள்ளையை நினைத்துச் சொல்லிவிட்டேன், 13 வயதுப் பெண்ணுக்கு அது ஆகாது. குப்புவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நடுவில் தேடும் வழிக்கே போவோம்: குப், பம், மாள். முதல் அசையைத் தள்ளினால் 'பம்மா'. மெய்யை உருக்கி நீட்டினால் பாமா. கண்ணனின் சத்தியபாமா இருக்கிறாள், யாரும் கேலி செய்ய முடியாது. முதலும் கடைசியும் சேர்த்துக் 'குமா' என்று மட்டும் போகாதீர்கள், 'கூமான்' என்றால் கிருமி.

இந்தக் கதையை நான் நம்பவில்லை டீச்சர். குப்பன், பிச்சை எல்லாம் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மேலே இருந்தவர்கள் திணித்த பெயர்கள். அதைப் போய் ஏன் சுருக்கிக் காப்பாற்றுகிறீர்கள்? பெயரையே மாற்றச் சொல்லுங்கள்.

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல பெயர் வைக்கவிடாமல் தடுத்த கொடுமை நடந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெயர் ஒரு சாதிக்கு மட்டும் ஒட்டியது இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரி (1880-1943) பெயரில் இருப்பதும் குப்புதான். பிராமண வீட்டுக்கு அந்தப் பெயரை யார் திணித்திருக்க முடியும்? பிள்ளைச் சாவு எல்லா வீட்டு வாசலிலும் நின்ற காலம் அது. பாட்டிக்கு அந்தப் பெயர் வந்த கதையை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இழிவு என்று முடிவு கட்ட வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

வரலாறு சரி டீச்சர். பிள்ளை தினமும் அழுதுகொண்டு வருகிறாளே, அவளா எல்லாருக்கும் பாடம் எடுப்பாள்? (குப்பம்மாளின் அம்மாதான்.)

இல்லைம்மா, அது அவள் வேலை இல்லை. விவாதம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்படிச் செய்யுங்கள். பாமா, அம்மு, இன்னும் அவளாகச் சொல்லும் ஒன்று, மூன்றையும் தாளில் எழுதி அவளையே தேர்வு செய்யச் சொல்லுங்கள். வீட்டில் அப்பா, பாட்டி உட்பட எல்லாரும் இரண்டு வாரம் அதை மட்டுமே சொல்ல வேண்டும், ஒருவர் தவறினாலும் பெயர் ஒட்டாது. பிறகு வகுப்பாசிரியரைப் பார்த்து, வருகைப் பதிவில் முழுப்பெயர் இருந்தாலும் வகுப்பில் இந்தப் பெயரால் கூப்பிடுங்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் வாயில் வந்துவிட்டால் பிள்ளைகள் வாயிலும் வந்துவிடும். செல்லப்பெயர் வீடு வைப்பது, பட்டப்பெயர் மற்றவர்கள் வைப்பது. வீடு சும்மா இருந்தால் அந்த இடத்தில் மற்றவர்கள் வைத்துவிடுவார்கள்.

மாலதிக்கு மாலு, பார்வதிக்குப் பாரு. சரிதானே?

'மாலு' மலாயில் வெட்கம், அவமானம். 'பாரு' நுரையீரல். பாரு இருக்கட்டும், மாலு வேண்டாம். மலாய்ச் சோதனை என்று மேலே சொன்னேன்.

பச்சையம்மாள்?

'சையா' என்று நடுவில் எடுக்கத் தோன்றும், மலாயில் அது 'நான்'. 'சையு' சோகம். பச்சி வையுங்கள், பேச்சு வழக்கில் பறவை.

பையன் பேர் சுப்பிரமணியம். மணி என்றுதான் கூப்பிடப் போகிறோம்.

மலாயில் 'ஆயேர் மானி' என்றால் விந்து. நம் ஆட்கள் எத்தனையோ பேர் மணி என்ற பெயரோடு நன்றாக வாழ்கிறார்கள், ஆனாலும் அறிவியல் பாடத்தில் அந்தச் சொல் வரும் நாளில் பையன் தலைகுனிவான். மணியம் என்று முழுதாக விடுங்கள், அல்லது சுப்பு. கோவிந்தம்மாவை நடுவில் வெட்ட நினைப்பவர்களும் கவனியுங்கள், 'விந்தா' வரை போகலாம், 'விந்து' என்று குறுக்கக்கூடாது. அது தமிழிலேயே தவறு.

முனியாண்டி. தாத்தா பேர், பால்மரக் காட்டு முனீஸ்வரனை நினைத்து வைத்தது. பையன் ஆண்டி என்று ஸ்டைலாகச் சொல்லிக்கொள்கிறான்.

ரோமன் எழுத்தில் அந்தப் பெயரின் கடைசி நான்கு எழுத்து அப்படியே வெள்ளைக்காரன் பெயராக இருப்பதால் வந்தது, நம் நாட்டில் அது பழகிய வழி. தமிழில் ஆண்டி பழநி முருகன் கோலம்தான், தாத்தா கோபிக்க மாட்டார். அரிதாக வேண்டுமானால் யாண்டி.

டீச்சர், கூட்டு எண் 5 வருகிற மாதிரி...

மேலே சொல்லிவிட்டேன்.

செல்லப்பெயரை மைகார்டில் (அடையாள அட்டையில்) சேர்க்கலாமா?

பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர்தான் 12 வயதில் மைகார்டுக்கு வரும். மாற்றம் வேண்டுமானால் தேசியப் பதிவிலாகா முகப்பில் கேளுங்கள்.

பாப்பாத்திக்கு 'பாபி' நன்றாக இருக்கிறதே?

வேண்டவே வேண்டாம். மலாயில் பன்றி. சோதித்துவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கடைசிக் கேள்வி டீச்சர். ராமாயி. உங்கள் சோதனையெல்லாம் போட்டுப் பார்த்தேன். 'ராமாய்' என்றால் மலாயில் கூட்டம், நிறையப் பேர் என்று வருகிறது. வைக்கலாமா?

இப்படிச் சோதித்துவிட்டு வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ராமாய் நல்ல பொருள்தான், இருந்தாலும் வகுப்பில் 'ராமாய்' என்று ஆசிரியர் எதற்காவது சொல்லும்போதெல்லாம் பிள்ளை நிமிர்ந்து பார்ப்பாள். ஒரே ஒரு எழுத்தைக் குறைத்து ராமா என்று கூப்பிடுங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு மலாயில் இன்னொரு பெயர் ராமா-ராமா. அண்ணன் சொன்ன அந்தக் கெட்ட வழக்கு இதற்கு இல்லை.