கணினிக் கேள்வி-பதில்: 8.9 என்றால் ஆபத்தா?

கேள்வி (ஓசூர்): எங்கள் டூல் ரூமின் டிராயிங் கோப்புகள் உபுண்டு 22.04 சர்வர் ஒன்றில் இருக்கின்றன. தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளைப் பற்றி, ‘ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-க்குக் கீழே இருந்தால் யாரும் உள்ளே புகலாம்’ என்ற 2024 ஜூலை செய்தி இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எங்களிடம் 8.9 என்று காட்டுகிறது. அப்டேட் கொடுத்தும் எண் மாறவில்லையே?

பதில்: 8.9-க்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வாலைப் பாருங்கள். டெர்மினலில் ‘டிபிகேஜி -எல் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர்’ (dpkg -l openssh-server) என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கட்டளை கொடுத்தால் முழு எண் வரும். அது 8.9பி1-3உபுண்டு0.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஓட்டை அடைபட்டுவிட்டது. இந்த 0.10-ஐத் தசமமாகப் படித்துவிட்டு, 0.6தான் பெரிது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புள்ளிக்குப் பின் இருப்பது வரிசை எண். ஆறுக்கு அப்புறம்தான் பத்து.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் (லினக்ஸைத் தொகுத்துத் தருபவை) ஒரு வெளியீட்டை நிலைப்படுத்திய பிறகு புதுப் பதிப்புக்குத் தாவுவதில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடும். டெபியன் 12-இல் 9.2பி1-2+டெப்12யு3 என்பதே திருத்தப்பட்டதுதான். செய்தி எழுதுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. இன்னொன்று: இதே ஓட்டை 2006-இல் ஒருமுறை அடைக்கப்பட்டு, 2021-இல் வந்த 8.5-இல் தவறுதலாகத் திரும்பத் திறந்துகொண்டது. அதனால் 8.2 வைத்திருக்கும் உபுண்டு 20.04-க்கு இந்தப் பாதிப்பே இல்லை. ‘9.8-க்குக் கீழே எல்லாம்’ என்பது பிழையான வரி.

கண்டுபிடித்த குவாலிஸ் நிறுவனம் தாக்குதலை நடத்திக் காட்டியது 32-பிட் லினக்ஸில். சராசரியாக 10,000 முயற்சிகள், 6 முதல் 8 மணி நேரம். 64-பிட்டில் அப்போது செய்து காட்டவில்லை. அதற்காக அசட்டையாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. ‘யாரும் புகலாம்’ என்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம், அவ்வளவுதான்.

பதற்றத்தில் 9.8-ஐ நீங்களே கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து உருவாக்கி) ஏற்றாதீர்கள். அதன்பின் வரும் திருத்தங்களை உபுண்டு உங்களுக்குத் தராது. பாம் (PAM, லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு) ஆதரவை விட்டுவிட்டுக் கம்பைல் செய்தால் லாகின் முறையே குழம்பும். லாகின் முடிக்கத் தரும் கால வரம்பான லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்கச் சொல்லும் குறிப்பு சரிதான், ஆனால் தற்காலிகத்துக்கு மட்டும். முடிவடையாத இணைப்புகள் அப்படியே தேங்கி, ஒரே நேரத்தில் காத்திருக்கும் லாகின்களுக்கான மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் வரம்பு நிரம்பி, உங்களுக்கே கதவு சாத்திக்கொள்ளும். அமைப்பை மாற்றினால் முதலில் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (sshd -t) ஓட்டிப் பிழை பாருங்கள். இன்னொரு செஷனைத் திறந்து வைத்துக்கொண்டே ரீஸ்டார்ட் செய்யுங்கள். வெளியிலிருந்து யாரும் லாகின் செய்வதில்லை என்றால், ரவுட்டரில் எஸ்எஸ்எச் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட் ஃபார்வர்டு ஆகியிருக்கிறதா பார்த்து மூடிவிடுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): எங்கள் மாம்பழக்கூழ் ஆலையின் இணையதளம் அப்பாச்சி சர்வரில் ஓடுகிறது. ‘அப்பாச்சி லாக்4ஜேயில் ஓட்டை’ என்ற பழைய செய்தியைக் காட்டி, சர்வரையே மாற்றச் சொல்கிறார் பராமரிப்பவர். சீசன் நேரத்தில் இது தேவையா?

பதில்: தேவையில்லை. அப்பாச்சி என்பது ஓர் அறக்கட்டளையின் பெயர். இணையதளம் ஓட்டும் அப்பாச்சி வெப் சர்வர் சி மொழியில் எழுதியது. 2021 டிசம்பரில் மாட்டியது அதே அறக்கட்டளையின் லாக்4ஜே என்ற ஜாவா நூலகம். உங்கள் ஆலையில் ஜாவாவில் ஓடுவது எது என்று தேடச் சொல்லுங்கள்: ஸ்டாக், பில்லிங் மென்பொருள்களில் இருக்கலாம். ‘லாக்4ஜே-கோர்’ என்று தொடங்கும் ஜார் கோப்பு, பெரிய வார் கோப்புக்குள் (ஜாவா செயலியை மொத்தமாகக் கட்டிய பொதி) பொதிந்திருந்தால் வெறும் பெயர்த் தேடலில் சிக்காது. பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் வந்த 2.15.0 திருத்தம் அரைகுறை. அதே மாதத்திலேயே 2.16.0, 2.17.0, 2.17.1 என்று வரிசையாக வந்தன. முதல் நாள் செய்திக்குக் கிடைத்த இடம் அந்தத் தொடர் திருத்தங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜாவா 8-க்கு 2.17.1 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கட்டும்.

கேள்வி (பாலக்கோடு): லினக்ஸ் பிரின்டர் ஓட்டைக்கு ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.9 என்றார்களே?

பதில்: விவரம் வெளிவருமுன் பரவிய எண் அது. 2024 செப்டம்பர் 26-இல் விவரம் வந்தபோது, கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற சேவை யுடிபி 631-இல் காத்திருப்பதும், அதன் வழியாகப் போலி பிரின்டரைச் சேர்க்க முடிவதும் தெரிந்தது. அந்தப் பிரின்டருக்கு ஒருவர் பிரின்ட் கொடுத்தால்தான் தீங்கான கட்டளை ஓடும். அந்தச் சேவையே இல்லாத சர்வருக்குக் கவலை இல்லை. இருந்து, பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (தருமபுரி): உள்ளூர் இணைய இதழுக்கு எழுதுகிறேன். எக்ஸ்இசட் போன்ற விவகாரம் மறுபடி வந்தால் எதைச் சரிபார்ப்பது?

பதில்: எந்தப் பதிப்பு, எந்த விநியோகம், எந்த நிலையில் வேலை செய்யும், நிஜத்தில் யாராவது தாக்கப்பட்டார்களா. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டில் நஞ்சு (ரகசியப் பின்கதவு) கலந்தது 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டில் மட்டும். லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29-இல் வெளியிட்டார். டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோரா லினக்ஸின் சோதனைப் பதிப்பான ராஹைடு போன்றவற்றுக்கு அது போயிருந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்குப் போகவில்லை. ‘லினக்ஸ் சர்வர்கள் ஹேக் செய்யப்பட்டன’ என்று தலைப்பிட இதில் எதுவும் இடம் தராது. டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் மூன்றும் ஒவ்வொரு சிவிஇ எண்ணுக்கும் (ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண்) தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்காமல் எழுதாதீர்கள். திருத்தம் வந்த அன்று பழைய செய்தியிலேயே தேதி போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஓசூர்க்காரருக்கு வந்தது போல ஆண்டுகள் கழித்தும் அது ஃபார்வர்டு ஆகும்.