வெள்ளைத் தென்னங்கன்றுக்கு யூரியா வேண்டாம்

கேள்வி: மிளகாய் இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து? (வேலந்தாவளம்)

எந்த இலை? தளிரா, அடியிலையா? நரம்பு பச்சையா? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? நரம்பு பச்சையாக நிற்க, தளிர் வெளுத்தால் இரும்புக் குறை. அடியிலை வெளுத்தால் மக்னீசியமாக இருக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: குட்டைத் தென்னை ஒன்றில் எடுத்த 40 நெற்று முளைத்ததில் 9 கன்று வெள்ளை. யூரியா தெளித்தும் பச்சை ஏறவில்லை. (கொழிஞ்சாம்பாறை)

ஏறவே ஏறாது. எத்தனை முறை சொல்வது! இலைக்குப் பச்சை தரும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குச் சொந்த மரபணு நூற்றுச் சொச்சம்தான். அதற்கு வேண்டிய புரதங்களோ சுமார் 3000. பெரும்பாலானவற்றுக்கு மரபணு செல்லின் நடுவிலுள்ள உட்கருவில் இருக்கிறது; புரதம் வெளியே தயாராகித்தான் பசுங்கணிகத்துக்குள் போகிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியிலேயே பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்தில், சின்னத் துண்டுக்கானது உட்கருவில். இப்படி ஒரு முக்கியமான உட்கரு மரபணு கெட்டு, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என வரும் இரண்டு பிரதியும் கெட்டதாகவே சேர்ந்தால் கன்று வெளுத்துத்தான் முளைக்கும். குட்டை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. தாய்மரத்தில் ஒரு பிரதி கெட்டிருந்தால் நாலில் ஒரு கன்று வெளுக்கும்; உங்கள் 40-க்கு 9 அதற்குப் பொருந்துகிறது. காயின் பருப்பு தீரும்வரை அந்தக் கன்று நிற்கும், அப்புறம் காயும். கடையில் சொன்னார்கள் என்று யூரியா, இரும்பு சல்பேட், டானிக் என வாங்கி ஊற்றுவது வயிறெரிகிறது. மரபணுவை எந்த உரமும் திருத்தாது.

தாய்மரத்தை வெட்ட வேண்டாம், காய்க்கு அது நல்ல மரம்தான். விதைக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். பச்சையாக வந்த கன்றிலும் மூன்றில் இரண்டு அந்தக் கெட்ட பிரதியைச் சுமக்கும். அவற்றிலும் நாளைக்கு நெற்று எடுக்காதீர்கள்.

கேள்வி: முளைப்பாரி ஏன் மஞ்சளாகவே வளர்கிறது? (முதலமடை)

இருட்டுதான் காரணம். பச்சையம் உருவாகும் வேலையில் கடைசிக்கு முந்தின ஒரு படிக்கு வெளிச்சம் வேண்டும். உட்கருவில் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களும் அதுவரை அடங்கியே கிடக்கும். வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் பச்சை ஏறும்.

கேள்வி: அந்திமந்தாரையில் வெள்ளைக் கிளையின் விதை எப்படி முளைக்கும்? (கோவிந்தாபுரம்)

வெள்ளையாகவே முளைத்துச் சாகும், மகரந்தம் எதிலிருந்து வந்தாலும். 1909-லேயே ஜெர்மன் தாவரவியலாளர் காரன்ஸ் காட்டியது. இங்கே கெட்டது பசுங்கணிகத்தின் சொந்த மரபணு; பசுங்கணிகம் தாய்வழியேதான் வருகிறது. தென்னைக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

கேள்வி: என் நாட்டுத் தக்காளிக் காயின் தோள் கரும்பச்சையாக இருக்கிறது. வியாபாரி குறை சொல்கிறார். (எருத்தேன்பதி)

குறை இல்லை, ருசி அங்கேதான். ஜிஎல்கே2 என்ற உட்கரு மரபணு காயில் பசுங்கணிகத்தைப் பெருக்குகிறது. ஒரே சீராகப் பழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகங்களில் அது கெட்டிருக்கிறது, சர்க்கரையும் குறைகிறது என்று 2012-ல் கண்டார்கள். உங்கள் விதையை விடாதீர்கள்.