கத்தரிக்கோல வாங்கி வச்சது நீங்கதானே

கேள்வி: பண்டிகைக்கு ஒரு மாசம் முன்னாடியே நான் உக்காந்துடுவேன் அம்மா. பேப்பர் நட்சத்திரம், உல்லன் நூல் பாம்பாம் உருண்டை மாலை, உப்பு மாவுல செஞ்சு பெயிண்ட் அடிச்ச தொங்கல், எல்லாமே என் கையாலதான். எங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, ஓரகத்தி, நாத்தனார்னு வீட்டுக்கு ஒரு பெட்டி போகும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை, க்ளூ கன் பட்டு விரல்ல கொப்புளம் கூட வந்துச்சு. ஒத்தாசைக்கு ஒரு ஆள் கிடையாது. பொண்ணு போனும் கையுமா இருப்பா, வீட்டுக்காரர் கடையில வாங்கினா முடிஞ்சுதுங்கிறார். மாமியார் ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து கத்தரிக்கோல எடுத்தாங்க, அவங்களுக்கு இப்ப கை நடுங்குது, பேப்பர் வீணாயிடும்னு வாங்கி வச்சுட்டு நீங்க போய் டிவி பாருங்க அத்தைன்னு சொல்லிட்டேன். ஒரு காலத்துல வீட்டுக்கே துணி தச்சவங்கதான். இவ்ளோ செஞ்சும் போன மாசம் ஓரகத்தி வீட்டுக்குப் போனா நான் குடுத்தது கவர்ல சுத்தி பரண்ல கிடக்கு. நாத்தனார் வாங்கினதோட சரி, ஒரு வார்த்தை சொல்லல. இந்த வருஷம் யாருக்கும் எதுவும் செய்யாம விட்டுடலாமா? — பெயர் வேண்டாம்

பதில்: பரண்ல கிடக்கிற பெட்டிய அப்புறம் பாக்கலாம்மா. கையால செஞ்சு குடுத்தேன், யாரும் மதிக்கலன்னு பண்டிகை நேரத்துல எனக்கு வர்ற கடிதம் ஒன்னு ரெண்டு இல்ல, அதுல பாதிக்கு மேல உங்க கடிதம் மாதிரியேதான் இருக்கும், கண்ணு முழிச்சது, விரல் சுட்டது, வாங்கினவங்க முகத்துல சந்தோஷம் தெரியாதது. அதையெல்லாம் படிச்சுட்டு பாவம்மா நீங்கன்னு நான் எழுதப் போறதில்ல. நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதிட்டு நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டீங்க பாருங்க, மாமியார் கையில இருந்த கத்தரிக்கோல வாங்கி வச்சுட்டேன்னு, எனக்கு அதுக்கு மேல படிக்கவே மனசு வரல.

ஒத்தாசைக்கு ஆள் இல்லன்னு ஒரு வரி எழுதுறீங்க, அடுத்த ரெண்டு வரி தள்ளி ஒத்தாசைக்கு வந்த ஆள அனுப்பிட்டேன்னு நீங்களே எழுதுறீங்க. யாரும் கூப்பிடாம தானா வந்து உக்காந்தாங்க அவங்க, வீட்டுக்கே துணி தச்ச பொம்பளை. அந்தக் காலத்துல இத்தன பேருக்குத் தைக்கிறதுன்னா என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல, அளவு எடுக்கணும், துணி வீணாகாம வெட்டணும், வளர்ற பிள்ளைக்கு உள்ள மடிப்பு விட்டுத் தைக்கணும், அடுத்த வருஷம் அதைப் பிரிச்சு விடணும். துணிய வீணாக்காம வாழ்ந்தவங்ககிட்ட போய் பேப்பர் வீணாயிடும்னு சொல்லியிருக்கீங்க. ஒரு கட்டு பேப்பர் என்ன பெரிய சொத்தா? வீணானா ஆகட்டுமே.

டிவி பாருங்கன்னு சொன்னத நீங்க மரியாதையா நினைச்சிருப்பீங்க, வயசானவங்கள வேலை வாங்கக்கூடாதுன்னு. நம்மள்ல நெறைய பேர் அப்படித்தான் நினைக்கிறோம், ஆனா நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன். பெரியவங்களுக்கு நாம செய்ய வேண்டியதுல சோறும் மாத்திரையும் பாதிதான், அவங்களால இன்னும் இந்த வீட்டுக்கு ஒன்னு ஆகுதுங்கிற எடத்த அவங்களுக்கு விட்டு வைக்கிறதும் நம்ம கடமைதான். கை நடுங்க ஆரம்பிச்ச ஒருத்தங்க அந்த நடுக்கம் எல்லாருக்கும் தெரியுற மாதிரி கத்தரிக்கோல எடுக்கிறதுக்கே எவ்வளவு யோசிச்சிருப்பாங்க. அப்படி எடுத்தத நீங்க வாங்கி வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் அவங்க வந்து உக்காரலன்னுதான் நினைக்கிறேன், வந்திருந்தா எழுதியிருப்பீங்க.

இன்னொன்னும் கேக்கறேன். ஓரகத்தி வீடுங்கறது யாரு வீடு? அந்த அம்மா பெத்த பையன் வீடு. நாத்தனார் அவங்க பெத்த பொண்ணு. நீங்க பெட்டி கட்டி அனுப்புற ரெண்டு வீடும் மாமியாரோட பிள்ளைங்க வீடுதான், ஆனா அந்தப் பெட்டிக்குள்ள அவங்க கை பட்ட பொருள் ஒன்னு கூட கிடையாது. உங்க நேர்த்திதான் இருக்கு, அது நல்லாவும் இருக்கும், நான் மறுக்கல. ஒரு பொண்ணு தன் அம்மா தச்சுப் போட்ட துணியில வளர்ந்திருக்கா, இப்ப அம்மாவுக்கு முடியல, அவளுக்கு அண்ணி செஞ்ச அழகான நட்சத்திரமும் அம்மா கோணல் மாணலா செஞ்ச ஒரு தொங்கலும் வந்தா எதை எடுத்து கண்ணு முன்னாடி மாட்டுவாங்கறீங்க? நாத்தனார் ஒரு வார்த்தை சொல்லலன்னு வருத்தப்படுறீங்களே, அவங்க சொல்றதுக்கு ஒரு காரணத்த நீங்க அந்தப் பெட்டியில வைக்கலாம், அது உங்க வீட்லயே பக்கத்து ரூம்ல இருக்கு.

உங்க பேப்பர் நட்சத்திரத்தையே எடுத்துக்குவோம். முனை முனையா எல்லாப் பக்கமும் நீட்டிட்டு நிக்கிற அந்த வகை நட்சத்திரம் முதல்ல வந்தது ஜெர்மனியில மொரேவியன்ங்கற கிறிஸ்தவ சபை நடத்துன ஒரு பள்ளிக்கூடத்துல, 1830கள்ல, பசங்களுக்கு ஜியாமெட்ரி சொல்லிக் குடுக்கறதுக்காக. அதுல வழக்கமான அமைப்புல அடி சதுரமா இருக்கற கூம்பு 17, அடி முக்கோணமா இருக்கற கூம்பு 8, தொங்கவிடறதுக்கு ஒரு பக்கம் மட்டும் காலியா விடணும். ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வர்ற பொருள் இது, ஒருத்தர் வரைய ஒருத்தர் வெட்ட ஒருத்தர் மடிக்க ஒருத்தர் ஒட்டன்னு நாலு பேர் சுத்தி உக்காந்தா சாயங்காலத்துல முடியுற வேலைய தனியா உக்காந்தா ராத்திரி ரெண்டு மணி ஆகத்தான் செய்யும். அப்படி உக்காரச் சொல்லி யாரும் உங்களக் கேக்கல. எல்லா மடிப்பும் உங்க மடிப்பு மாதிரியே இருக்கணும்னு நீங்க நினைக்கிறதுதான் உங்கள உக்கார வைக்குது, பொண்ணு எந்திரிச்சுப் போனதுக்கும் அதுதான் காரணமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அவ வெட்டினத நீங்க திருத்தினீங்களா இல்லையான்னு கடிதத்துல இல்ல.

சரி, நடுங்குற கைக்கு என்ன வேலை குடுக்கிறது. கத்தரிக்கோலும் க்ளூ கன்னும் வேண்டாம், அந்த கன்னோட முனை 190 டிகிரி வரைக்கும் போகும், தூக்கக் கலக்கத்துல நீங்களே சுட்டுக்கிட்டீங்க. வெள்ளைப் பசை போதும், ஒட்டி கிளிப் போட்டு ஒரு நாள் விட்டுட்டா நல்லா இறுகிடும்.

உப்பு மாவு பிசையறத முழுசா அவங்ககிட்ட விட்டுடுங்க. மைதா ரெண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணி ஒரு கப்புக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா, பத்து நிமிஷம் நல்லா அழுத்திப் பிசையணும், இது உள்ளங்கையால செய்யுற வேலை, விரல் நடுங்கினா மாவுக்குத் தெரியாது. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, மூடியால வட்டமா அழுத்தி எடுத்து, ஸ்ட்ராவால மேல ஓட்டை போட்டுட்டு, ஒவ்வொன்னுலயும் அவங்க கட்டைவிரல ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்க. ரேகை அப்படியே பதியும். ஓவன்ல 100லருந்து 120 டிகிரிக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம், ஓவன் இல்லன்னா காத்தாட சில நாள், நடுவுல திருப்பித் திருப்பிப் போடணும். காஞ்சதும் ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சாதான் நிக்கும், உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுத்து மறுபடி பிசுபிசுத்துடும். நாய் வளக்கிற வீட்டுக்குக் குடுத்தா எட்டாத உயரத்துல மாட்டச் சொல்லுங்க, அவ்வளவு உப்ப நாய் தின்னா உயிருக்கே ஆபத்து. அந்த ரேகைக்கு மேல பெயிண்ட் அடிச்சு சமமாக்கிடாதீங்க, தயவு செஞ்சு.

பாம்பாமுக்கு நூல் சுத்தறதும் அவங்களுக்கு நல்ல வேலை. உள்ளங்கை அகலத்துக்கு அட்டை வெட்டிக் குடுங்க, முழங்கைய மேசை மேல ஊனிக்கிட்டு சுத்தினா ஆட்டம் கொஞ்சம் அடங்கும், நூறு சுத்துக்கு மேல போனாதான் பொசுபொசுன்னு வரும். நடுவுல இறுக்கிக் கட்டறதும் வளையத்த வெட்டறதும் பொண்ணு செய்யட்டும். பேப்பர் வெட்டத்தான் ஆசைன்னா கையால கிழிக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் மட்டும் கலர் இருக்கற பேப்பர தன்ன நோக்கி இழுத்துக் கிழிச்சா ஓரத்துல வெள்ளையா ஒரு கரை வரும், எங்க அகலமா எங்க மெல்லிசான்னு சொல்ல முடியாது, அதை அட்டையில அடுக்கி ஒட்டினா வாழ்த்து அட்டைக்கு அவ்ளோ எடுப்பா இருக்கும். பேப்பருக்கும் துணி மாதிரி ஓட்டம் உண்டு, ஒரு வாக்குல நேரா கிழியும், குறுக்க இழுத்தா தாறுமாறா போகும். துணிய வெட்டிப் பழகின அவங்க ரெண்டு தடவை கிழிச்சதுமே அதைக் கண்டுபிடிச்சுடுவாங்க, உங்களுக்கும் சொல்லிக் குடுப்பாங்க.

பொண்ணு விஷயம். போன பிடுங்காதீங்க, அது வேலைக்காகாது. பாட்டிக்கு ஊசியில நூல் கோர்க்க வரல, நீ வந்து கோர்த்துக் குடுன்னு கூப்பிடுங்க. பழைய துணியில சின்னப் பை தைக்கலாம், பெட்டிக்குப் பதிலா பரிசு அதுல போட்டுக் குடுக்கலாம், பாட்டி எங்க மடிக்கணும்னு சொல்லட்டும், பேத்தி தைக்கட்டும். தையல் கோணினா பிரிக்கச் சொல்றதா வேண்டாமாங்கறத பாட்டி முடிவு பண்ணட்டும், நீங்க வாய் திறக்கக்கூடாது. வீட்டுக்காரரும் கடையில வாங்கினா முடிஞ்சுதுன்னு நாற்காலியிலருந்து சொல்லிட்டு இருக்க வேண்டாம், அவங்க அம்மாதானே, பக்கத்துல உக்காந்து வார்னிஷ் அடிக்கட்டும்.

இப்ப பரணுக்கு வர்றேன். குடுத்த பொருள் அவங்க வீட்ல எங்க இருக்குன்னு பாக்கறத விடுங்க. கவர்ல சுத்தி வச்சிருக்காங்கன்னா அடுத்த வருஷத்துக்கு தூசி படாம எடுத்து வச்சிருக்காங்கன்னும் ஆகும், நீங்க கேட்டீங்களா? கேக்கல. பண்டிகை முடிஞ்சு மாசக்கணக்கா நட்சத்திரத்த யாரும் தொங்க விட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க, வெயில் பட்டா கலர் பேப்பர் வெளுத்துப் போகும். ஒருவேளை அவங்களுக்குப் பிடிக்காமலே கூட இருக்கலாம், அதுக்கும் அவங்களுக்கு உரிமை இருக்கு, குடுத்ததுக்கு அப்புறம் அது அவங்க பொருள்.

யாருக்கும் செய்யாம விட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. விடக்கூடாது. ஆனா வீட்டுக்கு ஒரு பெட்டி வேண்டாம், ஒரு பொருள் போதும், மாமியார் கை பட்டதா ஒன்னு. அதுல அவங்க பேர எழுதுங்க, உங்க பேரு வேண்டாம், இந்த ஒரு வருஷமாவது. ராத்திரி பத்து மணிக்கு கடைய மூடிடுங்க, அதுக்குள்ள முடியாதது எதுவோ அது இந்தப் பண்டிகைக்குத் தேவையில்ல.

இதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டியது ஒன்னு இருக்கு, இந்த வாரமே. கை நடுங்குதுன்னு எழுதினீங்க, டாக்டர்கிட்ட காமிச்சோம்னு ஒரு வார்த்தை கடிதத்துல இல்ல, பேப்பர் வீணாகுற கவலை மட்டும்தான் இருந்துச்சு. வயசானா அப்படித்தான்னு விட்டுடறதுக்கு இது அவ்வளவு சின்ன விஷயம் இல்ல. எதையாவது பிடிச்சு வேலை செய்யும்போது மட்டும் வர்ற நடுக்கம் ஒரு வகை, சும்மா மடியில வச்சிருக்கும்போது வர்றது வேற வகை, அது பார்க்கின்சன்ங்கற நரம்பு நோயோட அடையாளமாவும் இருக்கலாம். தைராய்டு அதிகமானாலும் வரும், ஆஸ்துமாவுக்குக் குடுக்கற சில மருந்தாலயும் வலிப்புக்குக் குடுக்கற சில மருந்தாலயும் வரும், அப்படி இருந்தா மருந்த மாத்தினாலே குறையும், ஆனா டாக்டர கேக்காம நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, போகும்போது அவங்க சாப்பிடற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, நடுக்கம் எப்ப ஆரம்பிச்சது, ஒரு கையிலயா ரெண்டு கையிலயான்னு முதல்ல அவங்ககிட்டயே கேட்டு எழுதி வச்சுக்கங்க.