லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சோதித்துத்தானே தடுப்பூசியை வெளியே விடுகிறார்கள், அப்புறம் எப்படிப் புதிதாக நரம்புப் பாதிப்பு முளைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் எண்ணிக்கைக் கணக்குதான். 30,000 பேரிடம் சோதித்தால், லட்சத்தில் ஒருவருக்கு வருவது ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போகலாம்.

1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி சுமார் 4.5 கோடி பேருக்குப் போடப்பட்டது. சிலருக்குக் கால் மரத்து, பலவீனம் மெல்ல மேலே ஏறியது. இது கில்லன்-பாரே எனும் நரம்பு நோய். சிக்கல் என்னவென்றால், ஊசியே போடாதவர்களிலும் ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு இது வரும். அதனால் மருத்துவர்கள் அனுப்பும் புகார்களை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. வழக்கத்தைவிட எத்தனை பேர் அதிகம், ஊசி போட்டு எத்தனை நாளில் என்று ஒப்பிட வேண்டும். அங்கே ஆறு வாரத்துக்குள் எண்ணிக்கை எகிறியிருந்தது. லட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதல். டிசம்பரில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.