ஹோஸ்ட் அப்கிரேடுக்குப் பிறகு விஎம் பூட் ஆகவில்லை. பேக்கப்பை ரீஸ்டோர் செய்துவிடலாமா?

கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க மென்பொருள்) ஓடும் ஹோஸ்டைப் புதிய பதிப்புக்கு மாற்றி, அதில் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களான விஎம்களை மறுபடி இம்போர்ட் செய்திருக்கிறீர்கள். சில லினக்ஸ் விஎம்கள் "ரன்னிங்" என்று காட்டினாலும் பிங் செய்தால் பதில் இல்லை, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவும் முடியவில்லை. பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க்குக்குள் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாறியிருப்பது அதைச் சுற்றி ஹோஸ்ட் காட்டும் மெய்நிகர் வன்பொருள்: டிஸ்க் கன்ட்ரோலர், சிபியு மாடல், மெஷின் டைப் (எந்த வகை மதர்போர்டு என்பது), ஃபர்ம்வேர் (பூட்டைத் தொடங்கிவைக்கும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ). ரீஸ்டோர் செய்த டிஸ்க்கும் அதே புது வன்பொருளில்தான் எழுந்திருக்க வேண்டும், அதுவும் அதே இடத்தில்தான் நிற்கும். கடைசி பேக்கப்புக்குப் பிறகு எழுதப்பட்ட டேட்டாவையும் சேர்த்து இழப்பீர்கள்.

முதலில் விஎம்மின் திரையான கன்சோலைத் திறந்து பாருங்கள். பூட் எதுவரை வந்து நின்றது என்பதுதான் முக்கியம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு மாற்றத்துக்குப் பிறகு பழைய சென்ட்ஓஎஸ் 7 விஎம் ஒன்று எழவில்லை. பூட் லோடரான கிரப்பின் மெனு வந்தது, லினக்ஸின் மையமான கெர்னல் லோட் ஆனது, அப்புறம் "டிராகட் இனிட்கியூ டைம்அவுட்" என்ற வரி திரை முழுக்க ஓடி, கடைசியில் டிராகட்டின் (பூட்டுக்கான ஆரம்ப இமேஜை உருவாக்கும் கருவி) அவசர ஷெல்லில் விழுந்தது. ரூட் டிஸ்க்கே காணோம். ஃபைல் சிஸ்டம் போய்விட்டது என்றே நினைத்தேன். ரீஸ்டோர் கொடுக்கும் முன் கிரப் மெனுவில் கடைசியாக இருந்த ரெஸ்க்யூ என்ட்ரியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். விஎம் எந்தச் சிக்கலும் இல்லாமல் எழுந்துவிட்டது!

காரணம் இதுதான். ரெட் ஹேட் குடும்பத்தில் சாதாரண இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும்வரை கெர்னல் பயன்படுத்தும் சின்ன இமேஜ்), உருவாக்கப்பட்ட நேரத்தில் அந்த இயந்திரத்தில் இருந்த வன்பொருளுக்கான டிரைவர்களை மட்டுமே வைத்திருக்கும். ரெஸ்க்யூ இமேஜில் எல்லாம் இருக்கும். என் விஎம் அதுவரை ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) டிஸ்க்கில் ஓடியது. புது ஹோஸ்டில் விஎம்மின் அமைப்பை விவரிக்கும் எக்ஸ்எம்எல்லைத் திரும்ப உருவாக்கியபோது டிஸ்க் பஸ் (இணைப்பு வகை) வர்ட்டியோ (விஎம்களுக்கென்றே உள்ள வகை) ஆகிவிட்டது. வர்ட்டியோ டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லை, அதனால் டிஸ்க் கண்ணுக்கே தெரியவில்லை. ரெஸ்க்யூவில் இருந்தபடியே டிராகட்டை 'ரீஜெனரேட் ஆல்', 'ஃபோர்ஸ்' ஆப்ஷன்களோடு ஓட்டினேன், சரியானது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் ஃபோர்ஸ் மட்டும் கொடுத்தால் அந்த நேரத்தில் ஓடும் கெர்னலுக்குத்தான் இமேஜ் உருவாகும். ரெஸ்க்யூ கெர்னல் பெரும்பாலும் முதலில் இன்ஸ்டால் செய்த பழைய பதிப்பாக இருக்கும், அதனால் வழக்கமாக ஓடும் கெர்னலின் இமேஜ் மாறாமலே நிற்கும்.

ரெஸ்க்யூ என்ட்ரி இல்லையென்றால் விஎம்மை நிறுத்தி, எக்ஸ்எம்எல்லில் டிஸ்க் பஸ்ஸைப் பழையபடி மாற்றி எழுப்புங்கள். கியூ35 என்ற புதிய மெஷின் டைப்பில் ஐடிஇ கிடையாது, சாட்டா கொடுத்துப் பாருங்கள்.

கெர்னல் பேனிக் (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நிற்பது) வந்தால் அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். சிபியு 'எக்ஸ்86-64-வி2' என்ற குறைந்தபட்ச வசதித் தொகுப்பை ஆதரிக்கவில்லை என்று ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் ரெட் ஹேட் 9 வகை விஎம். கேவிஎம்64 போன்ற பழைய சிபியு மாடலில் அது எழாது. ஹோஸ்ட் பாஸ்த்ரூ (ஹோஸ்டின் சிபியுவை அப்படியே விஎம்முக்குக் காட்டுவது) கொடுத்தால் போதும். வெவ்வேறு தலைமுறை ஹோஸ்ட்களுக்கிடையே லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் நகர்த்துவது) செய்வதாக இருந்தால், எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான ஒரு மாடலைப் பெயர் சொல்லிக் கொடுப்பது நல்லது.

கிரப்பே வராமல் யுஇஎஃப்ஐ ஷெல் வந்தால், அந்த விஎம்மின் என்விராம் ஃபைல் (யுஇஎஃப்ஐ தன் பூட் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) இம்போர்ட்டில் விட்டுப்போயிருக்கலாம். பழைய ஹோஸ்டின் நகலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். யுஇஎஃப்ஐயில் இன்ஸ்டால் செய்த விஎம்முக்கு பயாஸ் என்று எழுதிவிட்டாலும் பூட் ஆகாது.

90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றால் எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப்பைப் பாருங்கள். எஸ்டிபி1 என்று பெயரால் மவுன்ட் செய்திருந்த டிஸ்க், வர்ட்டியோவில் விடிபி1 ஆகியிருக்கும். பெயருக்குப் பதில் யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் மாறாத அடையாளம்) போட்டால் தீர்ந்தது.

கன்சோலில் லாகின் பிராம்ப்ட் நிம்மதியாக நின்றுகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் பூட்டில் கோளாறே இல்லை. மெஷின் டைப் பழைய ஐ440எஃப்எக்ஸிலிருந்து கியூ35 ஆனால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும். ஈஎன்எஸ்3 என்று இருந்தது ஈஎன்பி1எஸ்0 போல ஆகும், பழைய பெயரில் எழுதிய ஐபி அமைப்பு ஒட்டாது. உங்கள் விஎம்களில் ஒன்றிரண்டாவது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அந்த விஎம்கள் கடைசியாக எப்போது ரீபூட் ஆயின? ஒரு வருடமாக ரீபூட்டே காணாத விஎம்மில், எப்போதோ பாதியில் நின்ற கெர்னல் அப்டேட்டின் கோளாறு இப்போதுதான் வெளியே வரும். கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுந்துவிட்டால் பெரும்பாலும் ஹோஸ்டின் மேல் தவறில்லை. அடுத்த ஹோஸ்டை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே எல்லா விஎம்களையும் பழைய ஹோஸ்டிலேயே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். விஎம்மின் எக்ஸ்எம்எல்லைக் காட்டும் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் கட்டளையின் வெளியீட்டையும் என்விராம் ஃபைல்களையும் வேறு இயந்திரத்தில் எடுத்து வையுங்கள்.

இவை எதிலும் பிடிபடாவிட்டால் கன்சோலின் கடைசி இருபது வரிகளையும், பழைய எக்ஸ்எம்எல், புது எக்ஸ்எம்எல் இரண்டையும் கேள்வியோடு சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.