மேலதிகாரி என்றாலே மக்குதானா?

கேள்வி: துப்பறியும் கதைகளில் மேலதிகாரி என்றாலே ஒன்று மக்கு, இல்லாவிட்டால் முட்டுக்கட்டை. எங்கள் கம்பெனியிலும் அதே கதைதான். 14 பேர் கொண்ட செக்‌ஷன் என் பொறுப்பில் இருக்கிறது. ஆனாலும் எதற்கெடுத்தாலும் மேலே போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். ஷெர்லக் ஹோம்ஸ் மாதிரி நம்மையும் நம் போக்கில் விட்டால் என்ன?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: விடலாம். ஹோம்ஸ் மாதிரி மாதச் சம்பளமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

கிறிஸ்துமஸ் வாத்துக்குள்ளிருந்து நீலக்கல் அகப்படுமே, அந்தக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். திருடிய ரைடர் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஹோம்ஸ் கதவைத் திறந்து வெளியே போகச் சொல்கிறார். போலீஸ் விட்ட ஓட்டையை அடைக்க என்னை யாரும் அமர்த்தவில்லை என்று வாட்சனிடம் சமாதானம் வேறு. நமக்குப் படிக்கத் தித்திக்கிறது. அதையே ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் செய்திருந்தால் குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவருக்குத்தான் அந்தப் பெருந்தன்மை கட்டுப்படியாகும்.

நீங்கள் படிக்க வேண்டியது மேக்ரேயை. ஜார்ஜ் சிமெனான் 1931 முதல் 1972 வரை 75 நாவல்களில் உலவவிட்ட பாரிஸ் போலீஸ் அதிகாரி. அவரைப் போனில் பிடுங்கியெடுப்பதற்கென்றே கொமெலியோ என்று ஒரு விசாரணை நீதிபதி: ‘ஆளைப் பிடித்தாயிற்றா? இன்னும் ஏன் தாமதம்?’ வாசகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனால் பிரெஞ்சுச் சட்டப்படி கொலை வழக்கின் விசாரணை அவர் பொறுப்பு. ஃபைலில் ஓட்டை இருந்தால் அவர் பெயர்தான் கெடும். மேக்ரேயோ பாதி விஷயத்தை அவரிடம் சொல்வதே இல்லை. ஒருவரை இருட்டில் உட்கார வைத்துவிட்டு, அவருக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்று, மேக்ரேயே ஒரு மேலதிகாரிதான். லூக்காவும் ஜான்வியேயும் அவரை ‘பத்ரோன்’ என்பார்கள். சுஜாதா கதைகளில் கணேஷை வசந்த் ‘பாஸ்’ என்பானே, அதே சொல். ராத்திரி முழுக்க விசாரணை என்றால் பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச்சும் பீரும் மேலே வரவழைப்பார். கொட்டும் மழையில் ஒரு வீட்டைக் கண்காணிக்க வேண்டுமா, தானே போய் நிற்பார். (நிர்வாகம் அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். முதல் நாவலில் கொலையாகிவிட்ட டொரான்ஸ் என்ற உதவியாளர், பிற்பாடு வந்த நாவல்களில் ஒழுங்காக டியூட்டிக்கு வருகிறார்.)

மேலே இருப்பவரைப் பற்றி இவ்வளவு குறைபட்டுக்கொண்டீர்கள். கீழே இருப்பவர்களைப் பற்றி 14 என்ற எண்ணைத் தவிர உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் கையெழுத்துக்கு யார் மேஜை முன்னால் நிற்கிறார்கள்?